முதல் கையின் மரியாதை

எர்ரமுனுக்கு நாற்பத்து மூன்று வயது. பாஸ்க் நாட்டில், செஸ்தாவ் ஊர் இரும்பு வார்ப்பாலையில் அச்சு கட்டும் வேலை. பாஸ்க் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் சடங்குக் குழுத் தலைவர் பதவி. முதலாவதற்குக் கூலி உண்டு, இரண்டாவதற்கு ஏச்சுப் பேச்சுதான் உண்டு. ஆனாலும் 'நீங்கள் என்ன செய்கிறீர்கள்?' என்று யாராவது கேட்டால், எதைச் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

சங்கத்தில் சடங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. கூட்டம் தொடங்குமுன் ஜெபம், முடிந்ததும் தாய்நாட்டுப் பாட்டு. பாட்டின் முதல் அடி எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் அடியில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், வாய் மட்டும் அசையும். ஒருவரை ஒருவர் 'தோழர்' என்று கூப்பிடக் கூடாது, அது சதுக்கத்துக்கு எதிர்ப்புறம் கட்டடம் வைத்திருக்கும் சோஷலிஸ்டுகளின் சொல். நமக்கு 'சகோதரர்'. மே முதல் தேதி உலகமே விடுமுறை எடுத்துக்கொண்டால், எர்ரமுன் மட்டும் வேலைச் சட்டையோடு கிளம்பிப் போய், பூட்டிய ஆலைக் கதவின் முன் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புவார். அது நம் நாள் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா?

அந்த வருஷம், குடியரசு வந்த இரண்டாம் வருஷம், கிளைக்குப் புதுக் கொடி தயாரானது. கொடியில் சுத்தியல் இருக்கலாமா கூடாதா என்று இரண்டரை மணி நேரம் விவாதம். தொழிலாளிக்குச் சுத்தியல் வேண்டும் என்று ஒரு கட்சி. அது சோஷலிஸ்டுக் கட்டட வாசலிலும் இருக்கிறதே என்று இன்னொரு கட்சி. கடைசியில் எர்ரமுன்தான் தீர்த்து வைத்தார். சுத்தியல் இருக்கட்டும், ஆனால் ஓக் இலைகளுக்குள் பாதி மறைந்திருக்கட்டும். அப்படியே கன்னியாஸ்திரீகள் தைத்துக் கொடுத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கீரைக்கட்டுக்குள் சுத்தியலை மறந்து வைத்தது போலிருந்தது. எர்ரமுனிடம் இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அந்தக் கொடியை மந்திரிப்பதாக ஏற்பாடு. கொடிக்கு ஞானத்தாய் ஒருத்தி வேண்டும். அவளுடைய நான்கு பாட்டன் பாட்டிகளின் குடும்பப் பெயரும் சுத்த பாஸ்க் பெயராக இருக்க வேண்டும் என்று எர்ரமுனே விதி எழுதி வைத்திருந்தார். கோயில் பதிவேட்டை மூன்று சாயங்காலம் புரட்டி, மருந்துக்கடைக்காரர் மனைவி பிங்கெனே அம்மாளைக் கண்டுபிடித்தார். நான்கு கேட்டால் எட்டு இருந்தது அந்த அம்மாளிடம். மந்திரித்த பிறகு சதுக்கத்தில் நடக்கும் மரியாதை ஆட்டத்தில் அவர் முன்னால் எர்ரமுன் ஆடுவார் என்று முடிவானது.

இதெல்லாம் வெளியில் தெரிந்த எர்ரமுன். புதன்கிழமைகளில் இன்னொரு எர்ரமுன் இருந்தார்.

கப்பல்துறைத் தெருவில் ஃபெலிசா என்ற விதவை சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். மலைக்குத் தெற்கே பர்கோஸ் பக்கத்துக்காரி, பாஸ்க் இனத்தவள் இல்லை. கணவன் உலை வெடித்துச் செத்துப்போனவன், சோஷலிஸ்டுச் சங்கத்துக்காரன். சவப்பெட்டியின் மேல் சிவப்புத் துணி போர்த்தி, சாமியார் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். அவளுடைய மொச்சைக் குழம்புக்கு ஆற்றின் இரு கரையிலிருந்தும் ஆள் வருவார்கள். எல்லோரும் முன்கதவால் வருவார்கள். எர்ரமுன் மட்டும் புதன்கிழமை மாலை, கையில் ஒரு காலிச் சட்டியோடு, அதைத் திருப்பிக் கொடுக்க வருபவர் மாதிரிப் பின்கதவால் வருவார். மூன்று வருஷமாக அதே சட்டி.

விழாவுக்கு முந்திய புதன்கிழமையும் வந்தார்.

"வாங்க சடங்குத் தலைவரே. சட்டி இன்னும் உடையலையா?"

"மெதுவாப் பேசு ஃபெலிசா. பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு."

"அவளுக்கு மூணு வருஷமாத் தெரியும். உங்களப் பாத்துத்தான் இன்னிக்குப் புதன்கிழமைன்னு துணி ஊறப் போடறா."

எர்ரமுன் உட்கார்ந்தார். அவள் குழம்பை ஊற்றி வைத்துவிட்டு எதிரில் கைகட்டி நின்றாள்.

"கொடிக்கு ஞானத்தாய் கெடச்சாச்சாமே. எட்டுப் பேரு இருக்காமே அந்தம்மாவுக்கு."

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல."

"எம் பேரு ஃபெலிசா கார்சியா. உங்க அம்மாவப் பெத்த பாட்டியும் கார்சியாதானே? அது ஆதியில பாஸ்க் பேருன்னு சங்கத்துல ஒரு மணி நேரம் வாதாடுனீங்களாமே. அப்ப நான் யாரு?"

"அது... அது வேற கார்சியா."

"ஓகோ. எங்களுது மலைக்கு அந்தாண்ட மேயற கார்சியாவாக்கும்."

எர்ரமுன் சிரித்துவிட்டார். இந்த ஊரில் அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் நிறைய, அவரைச் சிரிக்க வைப்பவள் இவள் ஒருத்திதான். ஆனால் ஃபெலிசா சிரிக்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், சாப்ட்டுக்கிட்டே கேளுங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் ஊரே சதுக்கத்துலேருந்து துறை வரைக்கும் ஜோடி ஜோடியா உலாத்தும்ல, அதுல நீங்க எம் பக்கத்துல நடக்கணும். கை கோத்துக்கிட்டு. வேற ஒண்ணும் கேக்கல."

"இந்த ஞாயிறா? அன்னிக்கு நான்தானே முதல் கை... எல்லாரும் பாப்பாங்களே..."

"பாக்கணும்னுதானே கேக்கறேன்."

"நடக்கலேன்னா?"

"பர்கோஸ்ல எந் தங்கச்சி சத்திரம் நடத்தறா. வா வான்னு நாலு கடிதாசி போட்டுட்டா. திங்கக்கிழமை ரயிலேறிடுவேன்." குரலில் கோபமே இல்லை, அதுதான் எர்ரமுனை உலுக்கியது. "அழுது ஆர்ப்பாட்டம் பண்ண மாட்டேன். எனக்கு நாப்பது வயசாச்சு. ஒளிச்சு வெக்கற பண்டமா இருக்க எனக்கு இஷ்டமில்ல, அவ்வளவுதான்."

எர்ரமுன் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. உருகிய இரும்பு சிந்தித் தரையில் ஓடியபோது, அதைத் தாண்டிக் குதித்து ஒருவனை இழுத்து வந்தவர். வலது காலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனால் சதுக்கத்தில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது என்றால் அவருக்குக் குலை நடுங்கும். ஃபெலிசாவை அவர் உயிராக நேசித்தார். இரண்டையும் மூன்று வருஷமாக வேறு வேறு கிழமையில் வைத்துச் சமாளித்து வந்தார். இப்போது இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து மாட்டிக்கொண்டன.

வீடு திரும்பும் வழியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. மரியாதை ஆட்டத்தில் ஆண்கள் வரிசையாகக் கைகோத்து வட்டமிடுவார்கள். தலைப்பில் நிற்பவர் முதல் கை, வாலில் நிற்பவர் கடைசிக் கை. முதல் கை, தான் மரியாதை செய்ய விரும்பும் பெண்ணின் பெயரை இரண்டு தூதர்களின் காதில் சொல்வார். அவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய், அவளைக் கையோடு அழைத்து வந்து வட்டத்தின் நடுவில் நிறுத்துவார்கள். அவள் முன்னால் முதல் கை ஆட வேண்டும். கூட்டத்தில் என்ன முடிவாகியிருந்தாலும், காதில் சொல்லும் பெயர்தான் கணக்கு. அதோடு எர்ரமுன் எழுதிய விதிப் புத்தகத்தில் ஏழாம் விதி இருக்கிறது: அழைத்து வரப்பட்ட பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவள் யார், எந்த ஊர், எவர் மகள் என்று யாரும் கேட்கவும் கூடாது. பக்கத்து ஊரில் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பி மூன்று குடும்பங்கள் இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லாமல் இருப்பதால் எழுதிய விதி அது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை 'ஃபெலிசா' என்று காதில் சொன்னால் போதும். ஊரே தொப்பியைக் கழற்றி நிற்கும்போது எவன் சிரிப்பான்? ஆட்டம் முடிந்ததும் துறைக்கு நடந்துவிடலாம். மூன்று நாளும் ஆலையில் அச்சு மணலை இடித்துக்கொண்டே அந்தப் பெயரை முணுமுணுத்துப் பழகினார். பக்கத்தில் இரும்பு ஊற்றும் பலேந்தின், "என்னண்ணே, ஜெபமா?" என்று கேட்டான். "ஜெபந்தான்," என்றார் எர்ரமுன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. சாமியார் தாராள மனசுக்காரர், தீர்த்தம் தெளித்ததில் கொடியோடு முன்வரிசையும் நனைந்தது. பிங்கெனே அம்மாள் இறகு வைத்த தொப்பியோடு கொடியின் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டின் முதல் அடி இடி மாதிரி முழங்கியது, இரண்டாம் அடியில் வழக்கம்போல் இருமல். எதிர்க் கட்டடத்து மாடி முகப்பில் சோஷலிஸ்டுகள் கையில் மதுக் கோப்பையோடு வரிசையாகச் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். பகையாளிகள்தான். ஆனால் நம் விழா ஒன்றைக்கூட அவர்கள் தவறவிட்டதில்லை.

ஆண்கள் கைகோத்தார்கள். எர்ரமுன் வெள்ளைச் சட்டை, சிவப்பு இடுப்புத்துணியோடு முதல் கை. கிளைத் தலைவர் கோஸ்மே, வயிறு முன்னே வர, கடைசிக் கை. குழல்காரர் ஒரு கையால் குழலும் மறு கையால் மேளமுமாக ஆரம்பித்தார். வட்டம் ஒரு சுற்று வந்து நின்றது. தூதர்களான பலேந்தினும் அவன் நண்பனும் எர்ரமுனிடம் வந்து காதைக் கொடுத்தார்கள்.

எர்ரமுன் நிமிர்ந்து பார்த்தார். நீரூற்றுக்குப் பக்கத்தில் ஃபெலிசா நின்றிருந்தாள். நீலக் கழுத்துத்துணி கட்டியிருந்தாள். அவருக்கு இந்தப் பக்கம் கோஸ்மே, அந்தப் பக்கம் சாமியார், நாற்காலியில் பிங்கெனே அம்மாள், மாடியில் முப்பது சோஷலிஸ்டுகள்.

"யாருண்ணே?"

"மருந்துக்கடை அம்மா," என்றது எர்ரமுனின் வாய்.

பலேந்தின் நகரவில்லை. "நெசமாத்தானா?"

"போடா."

அவர்கள் போனார்கள். எர்ரமுன் தன் வெள்ளைச் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. நாளைக்கு அவள் ரயிலேறிவிடுவாள், புதன்கிழமைகள் முடிந்துபோயின, அதற்குக் காரணம் தன் வாய்தான் என்று நினைத்துக்கொண்டார். அப்போது கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. தலையைத் தூக்கினார். தொப்பி கழற்றிய இரண்டு தலைகளுக்கு நடுவே, மகாராணி மாதிரி நிமிர்ந்து, ஃபெலிசா நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"என்னய்யா கூத்து இது?" என்று கோஸ்மே பல்லைக் கடித்தார். "யாரைய்யா கூட்டிட்டு வர்றீங்க?"

"ஏழாம் விதி, தலைவரே," என்றான் பலேந்தின் பவ்யமாக. "யாருன்னு கேக்கக் கூடாது."

அவளை நடுவில் நிறுத்திவிட்டு, எர்ரமுனைக் கடந்து போகும்போது வாயசைக்காமல் சொன்னான்: "தெரியாத மாதிரி நடிச்சு நடிச்சு எங்களுக்கே அலுத்துப் போச்சுண்ணே. அந்தச் சட்டியப் பாத்தா எங்களுக்குத்தான் வெக்கமா இருக்கு. ஆடு."

எர்ரமுன் தொப்பியைக் கழற்றினார். முதல் கை கழற்றினால் ஊரே கழற்ற வேண்டும். சாமியார் கழற்றினார், கோஸ்மே முனகிக்கொண்டே கழற்றினார். மாடியில்கூட இரண்டு மூன்று பேர், யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கழற்றினார்கள். எர்ரமுன் ஆடினார். பழுதில்லாமல் ஆடினார் என்று நான் சொன்னால் அவருடைய இடது முழங்கால் மறுப்புத் தெரிவிக்கும், அது மடங்கிய சத்தம் முன்வரிசை வரைக்கும் கேட்டது. ஆனால் தலைக்கு மேலே காலை வீசும் இடத்தில் மூன்று முறையும் வீசினார். கூட்டம் கைதட்டியது, யாரும் வாயைப் பொத்தவில்லை.

அடுத்தது கடைசிக் கையின் முறை. பிங்கெனே அம்மாளைக் கோஸ்மே அழைத்துவரச் செய்தார், நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு. அந்த அம்மாள் ஊருக்கே கேட்கும்படி, "நல்லதாப் போச்சு. எர்ரமுன் காலத் தூக்குன தூக்குல எந் தொப்பி பறந்திருக்கும். நீங்கன்னா பயமில்ல," என்றார். கோஸ்மே தரைக்கு ஒரு சாண் மேலே காலைத் தூக்கி மரியாதை செய்தார்.

பிறகு எல்லோரும் ஜோடியாக ஆடும் ஆட்டம். எர்ரமுனுக்கு எதிரில் ஃபெலிசா. அவள் முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. கணவனைப் பற்றிப் பேசும்போதுகூட அவள் கண் கலங்கி அவர் பார்த்ததில்லை.

"உங்களத் தப்பா நெனச்சுட்டேன்," என்றாள் மூச்சிரைக்க. "காலையில பெட்டியெல்லாம் கட்டிட்டேன், தெரியுமா? நீங்க எங்கயோ பாத்துக்கிட்டு நின்னதும் அவ்வளவுதான்னு திரும்பிட்டேன். அப்பதான் அந்தப் பையன் வந்து, எர்ரமுன் உங்களத்தான் கூப்பிடறாருன்னான். ஊரு முன்னால, எம் பேரச் சொல்லி..."

எர்ரமுன் கால் மாற்றி ஆடினார். உண்மையைச் சொல்லாமலே இருந்துவிடலாம். பலேந்தின் காட்டிக் கொடுக்க மாட்டான். அவள் கேட்டதும் நடந்துவிட்டது, இவர் பயந்ததும் நடக்கவில்லை. எல்லாம் சுபம். ஆனால் அவள் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் வேறு ஒருவன். ஊரார் முன்னால் அவள் பெயரைச் சொன்னவன். அவனை நினைக்க எர்ரமுனுக்குப் பொறாமையாக இருந்தது. அவனோடு இவளை நடக்க விட்டுவிட்டு, தான் வாழ்நாள் முழுக்க ஒளிந்து கிடப்பதா?

"நான் உம் பேரச் சொல்லல, ஃபெலிசா."

"என்னது?"

"மருந்துக்கடை அம்மா பேரத்தான் சொன்னேன். பலேந்தின் தானா உன்னக் கூட்டிட்டு வந்துட்டான்."

ஃபெலிசா நின்றாள். சுற்றிலும் எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கையைத் தொங்கவிட்டு நின்றாள்.

"இத இப்பவாச்சும் சொன்னீங்களே," என்றாள் கடைசியில். பிறகு வட்டத்தை விட்டு வெளியே நடந்தாள்.

மரியாதை பெற்ற பெண் நடுவில் வெளியேறுவதற்கு விதி எதுவும் இல்லை. இப்படி நடக்கும் என்று எர்ரமுனுக்குத் தோன்றியிருந்தால் எழுதியிருப்பார். ஆனால் குழல் ஓயும்வரை முதல் கை வட்டத்தை விட்டு அசையக் கூடாது என்று இரண்டாம் விதி தெளிவாகவே இருந்தது. எர்ரமுன் வட்டத்தை விட்டுக் கிளம்பினார்.

"சகோதரரே! ரெண்டாம் விதி!" என்று கோஸ்மே கத்தினார்.

"நீங்களே வெச்சுக்குங்க!"

அவள் வேகமாக நடந்தாள். இவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சோஷலிஸ்டுக் கட்டடத்துக்கு நேர் கீழேதான் எட்டிப் பிடிக்க முடிந்தது. மேலேயிருந்து ஒரு குரல், "தோழர் எர்ரமுன், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றது. முப்பது பேரும் சிரித்தார்கள். எந்தச் சிரிப்புக்கு மூன்று வருஷம் பயந்தாரோ அதே சிரிப்புதான். அவர் காது இரண்டும் பற்றி எரிந்தன.

"ஃபெலிசா! நில்லு!" என்றார். வார்ப்பாலையில் இரும்பு ஊற்றும்போது ஆளை விலக்கக் கத்தும் குரல் அது. குழல்காரர் பாதி ராகத்தில் நிறுத்திவிட்டார். சதுக்கம் முழுக்க அமைதி. மாடியிலும் அமைதி.

அவள் திரும்பினாள்.

"நான் பயந்தாங்கொள்ளி," என்றார் எர்ரமுன், அதே குரலில், குறைக்கத் தெரியாமல். "உம் பேரச் சொல்ல வாய் வரல. இப்ப என்ன யாரும் கூட்டிட்டு வரல, நானாத்தான் வந்திருக்கேன். துறை வரைக்கும் எங்கூட நடக்கறியா?"

ஃபெலிசா அவரையே பார்த்தாள். பிறகு சதுக்கத்தைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்க."

"தெரியுது."

"காது செவந்து போச்சே உங்களுக்கு."

"எரியத்தான் செய்யுது."

அவர் வலது கையை நீட்டினார். உலாத்தும்போது பெண்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்று சந்தேகம் வந்து, அதை மடக்கிவிட்டு இடது கையை நீட்டினார். அதுவும் சரியில்லை என்று தோன்ற, மறுபடி வலது கையைத் தூக்கினார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொடிக்கும் விதி எழுதியவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"ஏதாவது ஒண்ணக் குடுய்யா," என்றாள் ஃபெலிசா. "ரெண்டும் உன்னோடதுதானே."

கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் துறையைப் பார்த்து இறக்கத்தில் நடந்தார்கள். முனை திரும்புவதற்குள் அவர் இரண்டு முறை அடி தப்பினார். அவள் கையை விடவில்லை.